அட்டனில் பிறந்தவர் காலிக்குப் போன நாள்

என் அப்பா இலங்கையில், அட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இருபது வயது வரை அங்கேதான் இருந்தார். அந்த இருபது ஆண்டுகளில் அவர் கடலைக் கிட்டத்தில் பார்த்தது ஒரே ஒரு தடவை. 1972இல் தலைமன்னாரில் கப்பலேற வரிசையில் நின்றபோது. அதற்கு முன்னால், சிறுவனாகச் சிவனொளிபாத மலை ஏறிய ஒரு விடியற்காலையில், மேற்கே வெகு தொலைவில் ஒரு வெள்ளைக் கோட்டைக் காட்டி, "அதுதான் கடல்" என்று தாத்தா சொன்னாராம். தீவு நாட்டில் பிறந்த ஒருவருக்குக் கடல் என்பது ஒரு கோடும் ஒரு வரிசையும் மட்டுமே என்பதை நான் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் நெஞ்சு கனத்திருக்கிறது.

நாங்கள் இருப்பது கோத்தகிரியில். எங்கள் தெருவில் பாதி வீடுகள் சிலோனிலிருந்து வந்தவர்களுடையவை. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தம், ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளி மனிதர்களைப் பிரித்தது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியது. பின்னால் அதுவே டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. அப்பா அங்கே கவாத்து வெட்டியும் மருந்தடித்தும் ஓய்வு பெற்றார். நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன்.

கடந்த பிப்ரவரியில் அப்பாவை அழைத்துக்கொண்டு இலங்கை போனேன். திருச்சியிலிருந்து விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. அவர் பிறந்த தோட்டத்துக்குப் போனதை வேறு பதிவில் எழுதுகிறேன். அதை எழுத இன்னும் மனம் கூடவில்லை. இது, கொழும்பிலிருந்து தெற்குக் கடற்கரை வழியாகக் காலி வரை ஒரே நாளில் போய்த் திரும்பும் வேன் சுற்றுலாவைப் பற்றியது.

தமிழ் பேசும் வழிகாட்டி வருவார் என்று முகவர் சொல்லியிருந்தார். காலை ஐந்தரைக்கு வெள்ளவத்தையில் நாங்கள் தங்கியிருந்த விடுதி வாசலில் வேன் வந்து நின்றபோது, இறங்கியவருக்குச் சிங்களமும் ஆங்கிலமும் மட்டுமே தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. நாள் முழுக்க நான் மொழிபெயர்க்க வேண்டும், அதில் பாதி விட்டுப்போகும். அப்பா அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. ஸ்வெட்டரும் மஃப்ளருமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். விடியற்காலையில் வெளியே போவதென்றால் ஸ்வெட்டர் போட வேண்டும் என்பது அவர் உடம்பில் ஊறிய பழக்கம். கொழும்பிலோ அந்நேரத்திலேயே கழுத்தில் வியர்வை வழிந்தது.

வழிகாட்டி ஓட்டுநரிடம் சிங்களத்தில் மெதுவாக ஏதோ கேட்டார். அப்பா திரும்பிப் பார்த்து, சிங்களத்திலேயே பதில் சொன்னார். வேன் ஒரு கணம் அமைதியாகிவிட்டது. பெரியவருக்குக் காய்ச்சலா என்று அவர் கேட்டாராம். காய்ச்சல் இல்லை மல்லி, மலையிலிருந்து வருகிறேன், இது பழக்கம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாயில் வராத மொழி. தோட்டத்துக்கு வெளியே இருந்த கடையில் சாமான் வாங்கப் போய்ப் பழகிய சிங்களம் அது. இலக்கணம் பார்த்தால் நிற்காது. ஆனால் அதற்குப் பிறகு அந்த நாள் முழுக்க மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது எனக்குத்தான்.

வேனில் எங்களைத் தவிரச் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பமும், கேரளத்து ஆசிரியத் தம்பதியும் இருந்தார்கள். பழைய காலி வீதியில், கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு போனோம். ரயில் பாதையும் கூடவே வந்தது. அப்பா ரயிலை இன்றும் கோச்சி என்றுதான் சொல்வார். தென்னைகளின் இடைவெளியில் கடல் தெரியும், மறையும், மறுபடி தெரியும். வழிகாட்டி பேச்சை நிறுத்திவிட்டு அப்பாவை ஒருமுறை பார்த்தார். அப்பா கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்திருந்தார்.

கொஸ்கொடவில் ஆமைக் குஞ்சு பொரிப்பகம் ஒன்றில் நிறுத்தினார்கள். மணலில் புதைத்த முட்டைகளை வேலி போட்டுக் காக்கிறார்கள், அது நல்ல வேலை. ஆனால் குஞ்சுகளைத் தொட்டியில் வைத்து வருகிறவர்கள் கையில் எல்லாம் கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பொரித்த குஞ்சு இரவோடு இரவாகக் கடலுக்குப் போக வேண்டியது. நானும் அப்பாவும் கையில் வாங்கவில்லை.

பலப்பிட்டியில் மாது கங்கை. ஆறு என்று பெயர், ஆனால் கடலோரத்தில் பரந்து கிடக்கும் காயல். கண்டல் மரங்களின் வேர்களுக்கு நடுவே படகு போகிறது. அங்குள்ள தீவு ஒன்றில் கறுவாப்பட்டை உரித்துக் காட்டுகிற ஒரு குடும்பம் இருக்கிறது. நம் ஊரில் வெறுமனே பட்டை என்போம். அப்பா 'கறுவா' என்றார், அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

உரித்தவர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். விரல் பருமனுள்ள குச்சியின் மேல்தோலை முதலில் சுரண்டி எடுத்தார். பிறகு ஒரு பித்தளைக் கம்பியால் குச்சியை அழுத்தி அழுத்தித் தேய்த்தார். அப்படித் தேய்த்தால்தான் உள்பட்டை மரத்தைவிட்டுக் கழலும். கத்தி முனையால் நீளவாக்கில் ஒரு கீறல், கட்டை விரலால் ஒரு நெம்பு, முழுப் பட்டையும் ஒரு குழல்போலக் கையோடு வந்துவிட்டது. மணம் அப்போதுதான் எழும்பியது. குழலுக்குள் குழலாகச் செருகி, நிழலில் உலர்த்தினால் அது சுருண்டு இறுகும். உலகத்தில் எங்கெங்கோ பட்டை என்ற பெயரில் விற்கும் தடித்த சீனப் பட்டைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது காகிதம் போல உதிரும். போர்த்துக்கீசியரையும் அவர்களுக்குப் பின் டச்சுக்காரர்களையும் இந்தக் கரையை விடாமல் பிடித்துக்கொள்ளச் செய்தது இந்தச் சுருள்தான்.

மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அப்பா அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை கிலோ?" அடுத்தது, "கூலியா, சொந்தமா?" பச்சைக் குச்சியை நேற்றே வெட்டினால் இன்று உரியுமா, மழையில் எப்படி, கையில் காயம் படாதா என்று கேட்டுக்கொண்டே போனார். உரிப்பவரும் வந்தவர்களுக்குச் சொல்லும் பாடத்தை விட்டுவிட்டு, தொழிலாளிக்குத் தொழிலாளி பதில் சொன்னார். தன் உள்ளங்கைத் தழும்பைக் காட்டினார். அப்பா கவாத்துக் கத்தி பட்ட தன் முழங்கால் தழும்பைக் காட்டினார். படகு புறப்பட வேண்டிய நேரம் பத்து நிமிடம் தள்ளிப் போனது. யாரும் முணுமுணுக்கவில்லை.

அம்பலாங்கொடையைத் தாண்டியதும் வழிகாட்டி வேனில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. பெரலிய என்ற இடத்தில் இறங்கிய பிறகுதான் சொன்னார். 2004 டிசம்பர் 26 காலை, கொழும்பிலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்த ரயில் இந்த இடத்தில் நின்றது. முதல் அலை வந்து பாதையில் தண்ணீர் ஏறியதும், ஊர்க்காரர்கள் ரயில் கனமானது, பாதுகாப்பானது என்று நம்பிப் பெட்டிகளுக்குள் ஏறினார்கள், கூரை மேலும் ஏறினார்கள். குழந்தைகளை உள்ளே தூக்கிக் கொடுத்தார்கள். அடுத்த அலை பெட்டிகளைத் தூக்கி எறிந்தது. 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். உலக ரயில் வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து இல்லை.

அப்பா கேட்டார்: "கோச்சியில் எத்தனை பெட்டி?"

"எட்டு."

அதற்குப் பிறகு அப்பா கடலையும் பாதையையும் மாறி மாறிப் பார்த்தார். நடுவே ஒரு சாலையும் சில வீடுகளும்தான். மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு மக்களை ஏற்றிச் சென்ற ரயில்களை ஒப்பாரிக் கோச்சி என்பார்கள் எங்கள் ஆட்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று அம்மா சொல்வார். இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அப்பா அந்த நேரத்தில் எந்த ரயிலை நினைத்தார் என்று எனக்குத் தெரிந்தது. சிதைந்த ஒரு வீட்டில் வைத்திருந்த புகைப்படங்களைச் சென்னைக்காரர்கள் பார்க்கப் போனார்கள். நாங்கள் போகவில்லை. பாதைக்கு அருகே நினைவாக நிற்கும் உயரமான புத்தர் சிலைக்கு முன்னால் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

காலிக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. வெயில் தலையில் அடித்தது. கோட்டைக்குள் நுழையக் கட்டணம் இல்லை. இன்றும் ஜனங்கள் குடியிருக்கும் ஊர் அது. பள்ளிக்கூடம், நீதிமன்றம், தபாலகம், வீடுகளின் ஜன்னலில் காயும் துணி எல்லாம் உண்டு. போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் சிறிதாகக் கட்டியதை 1640இல் டச்சுக்காரர்கள் பிடித்து, 1663 முதல் இப்போது நாம் பார்க்கும் மதில்களைக் கட்டினார்கள். 1796இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வழிகாட்டி இந்த ஆண்டுகளை ஒப்பிக்கவில்லை. எங்களைப் பழைய வாயிலுக்கு அழைத்துப்போய், "வெளியே என்ன சின்னம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். ஆங்கிலேய அரசின் சின்னம். உள்ளே நுழைந்து திரும்பிப் பார்க்கச் சொன்னார். அதே வாயிலின் உட்புறம் டச்சுக் கம்பெனியின் சின்னம், இரண்டு சிங்கங்கள், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. வந்தவன் முன்பக்கத்தை மாற்றிக்கொண்டான், பின்பக்கத்தை விட்டுவிட்டான். ஒரு நல்ல வழிகாட்டி என்ன செய்கிறார் என்பதற்கு இதைத்தான் சொல்வேன்: நம்மைச் சரியான இடத்தில் நிறுத்தி, திரும்பிப் பார்க்கச் சொல்கிறார்.

மதிலின் மேல் நடந்தோம். ஒரு பக்கம் ஓட்டுக் கூரைகள், இன்னொரு பக்கம் பவளப்பாறைமேல் உடையும் அலை. சுனாமி அன்று இந்த மதில் உள்ளே இருந்த ஊரைக் காப்பாற்றியது. வெளியே இருந்த பேருந்து நிலையத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும் தண்ணீர் மூழ்கடித்தது. அந்த மைதானம் மதில் மேலிருந்து முழுசாகத் தெரிகிறது. ஆட்டம் நடக்கும் நாட்களில் இங்கே நின்று சும்மா பார்ப்பார்களாம். அப்பாவுக்குக் கால் வலிக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் மைதானத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தார். 2010 ஜூலை 22 அன்று, முரளிதரன் தன் கடைசி டெஸ்ட் போட்டியின் கடைசிப் பந்தில் எண்ணூறாவது விக்கெட்டை எடுத்தது இங்கேதான். ஓஜா அடித்தார், ஜெயவர்தன பிடித்தார். அதை நாங்கள் கோத்தகிரியில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தோம். எதிரே ஆடியது இந்தியா. ஆனாலும் எங்கள் தெருவில் அன்று பட்டாசு வெடித்தது. முரளியின் தாத்தா தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து போனவர்; அவர் திரும்பி வந்துவிட்டார், மகன் அங்கேயே தங்கிவிட்டார். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான், யார் தங்கினார்கள் யார் வந்தார்கள் என்பது மட்டும் மாறும்.

மணிக்கூண்டிலிருந்து கலங்கரை விளக்கம் வரை மற்றவர்கள் மதில் வழியே சுற்றிப் போனார்கள். நானும் அப்பாவும் உள்தெரு வழியாகக் குறுக்கே நடந்தோம். கலங்கரை விளக்கத்துக்கு எதிரே ஒரு பள்ளிவாசல். 1904இல் கட்டியது, தூரத்திலிருந்து பார்த்தால் மாதா கோயில் என்றே நினைப்போம். அதன் பக்கத்துத் தெருவில் ஒரு சிறு தேநீர்க் கடை. கல்லாவில் இருந்த பெரியவர் அப்பாவிடம் தமிழில், "வாங்க, இருங்க, வெயில் கூட" என்றார். காலிக்கோட்டை முஸ்லிம்கள் வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. மூன்று தலைமுறையாகக் கடை அங்கேதான் இருக்கிறதாம். "நீங்கள் எந்த ஊர்?" என்று அவர் கேட்டார். அப்பா சற்று யோசித்து, "அட்டன்" என்றார். பிறகு, "இப்போது கோத்தகிரி" என்றார்.

இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ வந்தது. நிறம் அவ்வளவு கருப்பு. அப்பா ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் வைத்திருந்து, "கீழ்நாட்டுத் தேயிலை" என்றார். அறுநூறு மீட்டர் உயரத்துக்குக் கீழே விளைவது. தண்ணீரில் போட்டதும் சாறு இறங்கிவிடும், நிறம் கெட்டி, மலைத் தேயிலையின் வாசம் இருக்காது. கடைக்காரர் தலையாட்டி, "எங்களுக்கு இதுதான் தேத்தண்ணி, உங்கள் அட்டன் தேயிலையைக் கொழும்புக்காரன் குடிப்பான்" என்றார். இருவரும் இதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். டச்சு தேவாலயத்தை நாங்கள் பார்க்காமல் போனதற்கு அந்தத் தேநீர்தான் காரணம். எனக்கு வருத்தம் இல்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். முந்தின நாள் கொழும்பு அருங்காட்சியகத்தில் ஒரு கல்லைப் பார்த்திருந்தோம். சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்து நிறுத்தியது. 1409 என்று தேதி. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தரைப் புகழ்கிறது, பாரசீகப் பகுதி அல்லாஹ்வை, தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்தை. மூன்றுக்கும் கொடுத்த காணிக்கைகள் ஏறத்தாழ ஒன்றே: பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய். எழுத்து தேய்ந்திருந்தது. அப்பா கண்ணாடிக்கு முன்னால் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, தனக்குத் தெரிந்த இரண்டு மூன்றைக் கண்டுபிடித்தார். அந்தக் கல் 1911இல் கிடைத்தது இதே காலியில் என்று வழிகாட்டி இங்கே சொன்னபோது, அப்பா தரையைப் பார்த்தார். தெனாவரை இங்கிருந்து கிழக்கே, இத்தீவின் தென்முனையில் இருந்த கோயில். 1588இல் போர்த்துக்கீசியர் அதை இடித்துவிட்டார்கள். தோட்டத்துக்கு ஆள் பிடித்து வருவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, இந்தத் துறைமுகத்தில் இறங்குகிறவன் படிக்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழ் இருந்திருக்கிறது. எங்கள் ஜனங்களைக் கள்ளத்தோணி என்று வைதது அப்பாவின் காதில் இன்னும் இருக்கிறது. அந்தக் கல்லை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மாலையில் கொக்கல. கடலுக்குள் நட்ட கம்பின் மேல் குறுக்குக் கட்டையில் உட்கார்ந்து தூண்டில் போடும் மீனவர்கள். இப்போது பலரும் படத்துக்காக உட்கார்ந்து காசு கேட்கிறார்கள், அது ஏமாற்று என்று சென்னைக்காரர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மீனில் கிடைக்காத கூலி படத்தில் கிடைக்கிறது. அலையடிக்கும் கட்டையில் மணிக்கணக்கில் உட்கார்வது எப்படிப் பார்த்தாலும் வேலைதான். அப்பா படம் எடுக்காமலேயே காசு கொடுத்தார்.

பிறகு அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். முழங்கால் வரை. நான் கையைப் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்றார். ஸ்வெட்டர் என் தோளில் கிடந்தது. புறப்பட இருபது நிமிடம் என்று வழிகாட்டி சொல்லியிருந்தார். நாற்பது நிமிடம் ஆயிற்று. அவர் வேனுக்கும் கரைக்கும் நடுவே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கூப்பிடவில்லை. மற்றவர்களுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். காலையில் அவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

திரும்பும்போது அதிவேக நெடுஞ்சாலை. இருட்டுவதற்கு முன் இருபுறமும் சிறு குன்றுகளில் தேயிலை தெரிந்தது, தென்னைக்கும் ரப்பருக்கும் நடுவே, ஓட்டு வீடுகளைச் சுற்றித் துண்டு துண்டாக. தோட்டத் தொழிலாளர்களை வரிசையாக அடைக்கும் லயம் இல்லை. "இவர்களுக்கு நிலம் சொந்தம்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு தூங்கிவிட்டார்.

கோத்தகிரிக்கு வந்த மறுநாள் சாயங்காலம், எதிர்வீட்டு அக்கா வந்து உட்கார்ந்தார். எழுபது வயது, இலங்கையில் பொகவந்தலாவையில் பிறந்தவர். அப்பா கறுவாச் சுருளை உடைத்துத் தேநீரில் போட்டுக் கொடுத்தார். காலி வரை போனதைச் சொன்னார், கோட்டையைச் சொன்னார், கடலில் இறங்கியதைச் சொன்னார். அக்கா தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"அந்த வேனில் எத்தனை பேர் உட்காரலாம்?"